கண்ணாடி போட்டும் கறை படிவது ஏன்?

கேள்வி:

14 கவுண்ட் மேட்டி துணியில் கொடியும் திராட்சைக் குலையும் இரண்டு கிளிகளும் கிராஸ் ஸ்டிட்ச் போட்டேன். முடித்த கையோடு கடையில் கொடுத்து, கண்ணாடி போட்டு பிரேம் செய்து ஹாலில் மாட்டினோம். தூசி படவில்லை, தண்ணீர் படவில்லை. அப்படியிருந்தும் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் துணி பழுத்துவிட்டது. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு பழுப்புக் கோடு. கீழ் ஓரத்தில் துரு நிறத்தில் புள்ளிகள். ஒரு பக்கம் துணி உப்பி அலையலையாக நிற்கிறது. கடைக்காரர், "நூல் சரியில்லம்மா, சாயம் இறங்கிருச்சு" என்கிறார். என் நாத்தனார், "உள்ள காத்து போயிருக்கு அண்ணி, சுத்தி டேப் போட்டு இறுக்கி அடைச்சிருக்கணும்" என்கிறாள். யார் சொல்வது சரி? இதைக் காப்பாற்ற முடியுமா? அடுத்ததை எப்படிப் பிரேம் போடுவது?

– ஒரு வாசகி, ஜெயமங்கலம், தேனி மாவட்டம்

பதில்:



கறை என்ன நிறம், எந்த இடம், என்ன வடிவம் என்று மூன்றையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களில் "துணி கெட்டுப்போச்சு, என்ன செய்யலாம்?" என்ற ஒரு வரிதான் இருக்கும். உங்கள் கடிதத்திலோ பாதி விடை இருக்கிறது. கடைக்காரரா, நாத்தனாரா என்று கேட்டு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடப் பார்த்தீர்கள். நல்லவேளையாக, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. வீட்டில் சண்டை வராது.

முதலில் நூலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிடலாம். நம் பக்கத்துக் கடைகளில் கிராஸ் ஸ்டிட்சுக்குக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஆங்கர் நூல். மதுரை மில்லின் பெயரால் நம் எல்லோருக்கும் தெரிந்த மதுரா கோட்ஸ் விற்கும் நூல் அது. ஆறு இழை சேர்ந்தது. ஒரு கண்டு எட்டு மீட்டர். எந்த நூலாக இருந்தாலும் சாயம் மோசமென்றால் இரண்டில் ஒன்று நடக்கும்: கசியும், அல்லது வெளுக்கும். கசிந்தால் கறை அந்த நூலின் நிறத்தில்தான் இருக்கும். திராட்சையைச் சுற்றி ஊதாவாகவும் கிளியைச் சுற்றிப் பச்சையாகவும் ஊறி நிற்கும். உங்கள் கறையோ பழுப்பு. கொடிக்கு நீங்கள் பழுப்பு நூலே எடுத்திருந்தாலும், கறை கொடி வளைந்த வழியில் போகவில்லை. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இறங்குகிறது. நூல் நேர்க்கோடு போடாது.

அடுத்து காற்று. காற்றோடு உள்ளே வருவது தூசி. பிரேம் ஓரத்தில் இடைவெளி இருந்தால், அந்த ஓரத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் அழுக்குப் படியும். நடுத்துணியில் பழுப்புக் கோடு விழாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுற்றி டேப் போட்டு இறுக்கி அடைத்திருந்தால் துணி இன்னும் சீக்கிரம் கெட்டிருக்கும். ஏன் என்று கீழே வருகிறது.

குற்றவாளி பின்னால் இருக்கிறார்

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பிரேமை இறக்கி, மெத்தென்ற போர்வையின் மேல் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்து ஆணிகளைக் குறட்டால் மெல்லப் பிடுங்குங்கள். பின்பலகையைத் தூக்கி, துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் பழுப்பு அழுத்தமாக இருந்தால், கறை பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது என்று பொருள். துணியைப் பலகையோடு ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஒட்டாத இடத்தில் பாருங்கள். அந்த நேர்க்கோடு இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் இரண்டு பலகைத் துண்டுகள் சேரும் இணைப்போ, செய்தித்தாளின் மடிப்போ, ஒரு மரச்சட்டமோ இருக்கும் என்பது என் ஊகம்.

காரணம் இதுதான். பிரேமுக்குப் பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டு மரநாரை அழுத்திச் செய்தது. ஒட்டுப்பலகையும் மரம். செய்தித்தாளும் மரக்கூழ். இவை எல்லாவற்றிலும் லிக்னின் இருக்கிறது. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக நிற்க வைக்கும் பொருள் அது. மரத்துக்கு அது நல்லது, துணிக்கு ஆகாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும். பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாள் ஏன் பழுத்து நொறுங்குகிறது என்றால் இதனால்தான். மரத்திலிருந்து அமில ஆவியும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். பருத்தி இழை செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. அதாவது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அமிலம் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட செல்லுலோஸ் பழுப்பாகும், பலம் இழக்கும். பலகை நெருங்கி இருக்கும் இடத்திலும், பலகை இணைப்பின் இடுக்கு வழியாக வெளியிலிருந்து ஆவியும் அழுக்கும் புகும் இடத்திலும் கறை கூடுதலாக விழும். பழைய பிரேம்களைப் பிரித்தால், பின்பலகையில் இருக்கும் மரக்கணு அச்சு மாறாமல் துணியில் பதிந்திருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

புள்ளிகள் ஏன் கீழே மட்டும்?

இது ஈரத்தின் வேலை. பருத்தி ஈரத்தை விரும்பும் நார். சாதாரண நாளில் 100 கிராம் காய்ந்த பருத்தி, காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைநாளில் அதைவிட அதிகம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த துணியாகத்தான் தெரியும். ஜெயமங்கலத்தில் வராக நதி பக்கத்திலேயே ஓடுகிறது, சுற்றிலும் வயல், வைகை அணையின் நீர்ப்பரப்பும் தூரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே ஒரு பிரேமை மூடினால், மழைக்காற்றின் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். நாத்தனார் சொன்னபடி சுற்றி டேப் போட்டு அடைத்திருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியே இருந்திருக்காது.

இரவில் கண்ணாடி குளிரும். துணியிலிருந்து கிளம்பிய ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனிக்கும். துணி கண்ணாடியை ஒட்டி இருந்தால் அதை அப்படியே உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். ஈரத்தோடு இரும்பும் சேர்ந்தால் துருவும் வரும். கீழ் ஓரத்தில் பொடி ஆணிகளோ ஸ்டேப்ளர் பின்களோ அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். புள்ளிகளுக்கு நேராக ஆணி இருந்தால் அது துரு. ஆணியே இல்லாத இடத்தில் சிதறிக் கிடந்தால் பூஞ்சணம்.

ஒரு பங்கு உங்களுடையதும் உண்டு, வருத்தப்படாதீர்கள். "முடித்த கையோடு" கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது துவைக்கவில்லை. மாதக்கணக்கில் மடியில் வைத்துத் தைத்த துணியில் கையின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் ஏறியிருக்கும். அன்றைக்கு அது தெரியாது. காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பழுத்த பிறகுதான் தெரியும். எம்பிராய்டரி வளையம் பிடித்த வட்டமும் அப்படித்தான் சில வருஷம் கழித்து வெளிப்படும். பூஞ்சணத்துக்கு இந்த எண்ணெயும் வியர்வையும் நல்ல சாப்பாடு.

அலை வந்ததற்குக் காரணம் பசை. துணி ஈரத்தில் ஒரு அளவுக்கு நீளும், காய்ந்தால் சுருங்கும். ஹார்ட்போர்டு வேறொரு அளவுக்கு நீளும், சுருங்கும். இரண்டையும் வெள்ளைப் பசை போட்டு ஒட்டினால், பசை பிடித்த இடம் நகராது, பிடிக்காத இடம் உப்பும். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணி விறைப்பாக இருக்க ஆலையிலேயே கஞ்சி ஏற்றி வருகிறது. துவைக்காமல் ஒட்டினால் அந்தக் கஞ்சியும் ஈரத்தை இழுக்கும். ராமபாணப் பூச்சிக்கும் கஞ்சி என்றால் உயிர்.

கடைக்காரர் ஏன் இப்படிச் செய்தார்?

அவர் தொழில் தெரியாதவர் அல்ல. நம் ஊர்ப் பிரேம் தொழில் வளர்ந்தது சாமி படங்களால். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாகக் கொண்டுபோனார். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக அச்சிட்டுத் தள்ளின. அந்தப் படங்களுக்குக் கண்ணாடி போடுவதுதான் கடைகளின் அன்றாடச் சோறு. காகிதப் படத்தை அட்டையில் ஒட்டி, கண்ணாடியோடு சேர்த்து அழுத்தி, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து அடிப்பது அந்த வேலைக்குப் பொருத்தமான முறை. படம் மங்கினால் புதுப் படம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் துணிக்கு அப்படி மாற்று இல்லை.

நம் நாட்டில் இழை எண்ணிப் போடும் தையலுக்குப் பஞ்சமில்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, வரைந்துகொள்ளாமலே இழையை எண்ணிப் போடும் வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகர்நாடகத்தின் கசூதியில் மெந்தி என்ற பெயரில் குறுக்குத் தையலே இருக்கிறது. ஆனால் அவை உடுத்துகிற துணிகள். தோடர்களின் பூத்துக்குளியை மேலே போர்த்திக்கொள்வார்கள். கசூதி சேலையில் வரும். உடுத்துகிற துணிக்குக் காற்று படும், தண்ணீர் படும். அதை ஒரு பெட்டிக்குள் அடைத்துச் சுவரில் மாட்டுவது நமக்குப் பின்னால் வந்த வழக்கம். அதற்கான கைப்பக்குவம் சாமி படத்திலிருந்து கடன் வாங்கியது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இருப்பதைக் காப்பாற்ற

முழுக்கப் பழையபடி ஆகாது, பெருமளவு தேறும். பிரித்த துணியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் விரித்து வையுங்கள். பூஞ்சணம் இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

பிறகு சாயச் சோதனை. நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிஷம் அழுத்திப் பிடித்து எடுத்துப் பாருங்கள். ஊதா, சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. திராட்சைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு ஊதா நூலைக் குறைத்தா போட்டிருப்பீர்கள்? வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் முழுக்க நனைக்க வேண்டாம். தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் ஏறவில்லை என்றால், அகன்ற பேசினில் பச்சைத் தண்ணீர் ஊற்றித் துணியை விரித்த மேனிக்கு ஊறவிடுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகும். பயப்பட வேண்டாம், அமிலத்தால் சிதைந்த பொருள்கள் தண்ணீரில் கரைந்து வெளியே வருகின்றன. தண்ணீரை மாற்றி மாற்றி, தெளிவாக நிற்கும்வரை ஊறவையுங்கள். இடையில் ஒரு தடவை, நீலமும் வெளுப்பானும் கலக்காத மென்மையான திரவச் சோப்பு சில சொட்டு சேர்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் கடைசி அலசலுக்கு வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஒட்டியிருந்த வெள்ளைப் பசை ஊறினால் பால்போல் வெளுத்து இளகும். விரல் நுனியால் உருட்டி எடுக்கலாம். இளகாத இடத்தில் இழுத்தால் துணி கிழியும், அதனால் இன்னும் ஊறவிடுங்கள். துவைக்கும்போது ஏதாவது ஒரு நிறம் கசியத் தொடங்கினால் துணியைக் காயவிடாமல், குளிர்ந்த தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்படியே காய்ந்துவிட்டாலோ இஸ்திரி பட்டாலோ கசிந்த நிறம் நிரந்தரமாகிவிடும்.

துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடும் பாட்டி வைத்தியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளை வேட்டியில் அது பலிக்கும். வண்ணத் தையலில் வேண்டாம். எலுமிச்சையும் ஓர் அமிலம்தான், வெயில் நிறத்தையும் தின்னும். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், பருத்தியைப் பலவீனப்படுத்திவிட்டு மறுபடி மஞ்சளாக்கும். புள்ளிகள் போகவில்லையென்றால் ஒரு குறுக்கு வழி: மவுண்ட் அட்டையின் ஜன்னலைச் சற்றுச் சிறிதாக வெட்டினால் கீழ் ஓரம் அதற்குள் மறைந்துவிடும். மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி, நடுவில் ஜன்னல் வெட்டி வைக்கும் தடித்த அட்டை.

அடுத்த பிரேம்

துணி வெட்டும்போதே பிரேமை நினைக்க வேண்டும். 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். 140 தையல் அகலமும் 112 தையல் உயரமும் உள்ள படம் 10க்கு 8 அங்குலம் வரும். நான்கு பக்கமும் மூன்றங்குலம் விட்டு, 16க்கு 14 அங்குலத் துணி எடுங்கள். பலர் துணியை மிச்சம்பிடிக்கப் பார்த்து, பிரேம் போடும்போது பசையைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்பார்கள்.

தைத்து முடித்ததும் சாயச் சோதனை, பிறகு துவையல். முறுக்கிப் பிழியாதீர்கள், டர்க்கி டவலில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே, தடித்த டவலின் மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். தையல் டவலுக்குள் அமிழ்ந்து கொள்ளும், நசுங்காது. புதுத் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். ஆகவே கடைக்குக் கொடுக்கும் அளவை இதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். கஞ்சி போட ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பசைக்குப் பதிலாக நூல். அமிலமில்லாத அட்டை ஒன்று வேண்டும். மரத்தின் லிக்னினை நீக்கியோ, பஞ்சிலிருந்தோ செய்த அட்டை அது. ஓவியப் பொருள் கடைகளில் 'ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டு' என்று கேளுங்கள். அட்டையின் நடுவையும் துணியின் நடுவையும் பொருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி, அட்டையின் விளிம்பில் குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். மேட்டி துணியில் ஒரே வரிசைத் துளைகள் அட்டை விளிம்போடு ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் படம் கோணாது. பிறகு துணியின் மிச்சத்தைப் பின்னால் மடித்து, கெட்டியான பருத்தி நூலால் எதிரெதிர் ஓரங்களைக் கோத்து, நாடாக் கட்டில் பின்னுவதுபோல் மாறிமாறி இழுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் நீளப் பக்கங்கள், அப்புறம் அகலப் பக்கங்கள். கோத்து முடித்தபின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடிச்சுப் போட்டு, குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். துணி மத்தளமாக விறைக்கத் தேவையில்லை. சுருக்கம் இல்லாமல் நின்றால் போதும். நாளைக்கே பிரிக்க வேண்டுமென்றாலும் நூலை அறுத்தால் துணி முழுசாகக் கைக்கு வந்துவிடும். இரட்டைப் பக்க டேப் இந்த வேலைக்கு ஆகாது. அதன் பிசின் துணிக்குள் இறங்கி மஞ்சள் பட்டையாக நிற்கும்.

அமிலமில்லாத அட்டை கிடைக்காவிட்டால் சாதா அட்டையின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். ஆவி அதைத் தாண்டாது. அதன் மேல் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மடிப்பு போட்டு, அதன் மேல் உங்கள் தையலை இழுத்துக் கட்டுங்கள். பின்பலகைக்கும் இதே அலுமினியத் தாள் உறை போடலாம்.

கண்ணாடி வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். சாம்பிராணிப் புகை, சமையல் எண்ணெய்ப்பசை, பல்லி எச்சம் எல்லாம் உள்ள நம் வீட்டில் கண்ணாடி நல்லதுதான். ஆனால் துணியைத் தொடக் கூடாது. இரண்டு மவுண்ட் அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாலோ, பிரேமின் உள்விளிம்பில் மெல்லிய பட்டி வைத்தாலோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். தையலும் நசுங்காமல் புடைப்போடு தெரியும். பின்னால் தூசி புகாமல் பழுப்புத் தாள் ஒட்டலாம். துணி சாதாரணமாக மூச்சு விட அது இடம் தரும். பிரேம் வேலையை மாசி, பங்குனியில், வெயில் காய்ந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது?

மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையைப் பகிரும் சுவர், புதிதாகப் பூசிய சுவர் மூன்றையும் தவிருங்கள். பிரேமின் கீழ்ப்பக்க மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். அக்காலத்து வீடுகளில் படங்களைத் தலைப்பக்கம் முன்சாய்த்து மாட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? பின்னால் காற்றும் கிடைத்தது, எதிர்வாசல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமலும் இருந்தது.

வெளிச்சம் தனி எதிரி. வெளுப்பது கணக்காகச் சேர்ந்துகொண்டே வரும், திரும்பாது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே வைக்கிறார்கள். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் நேர்வெயில் விழுந்தால், அருங்காட்சியகத்தில் 2,000 மணி நேரம் விழும் வெளிச்சம் அது. அங்கே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 200 நாள் கணக்கு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அகமதாபாத்தில் 1949-ல் தொடங்கிய காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தில் வெளிச்சம் மங்கலாக இருப்பதும் இதற்காகத்தான். கடைசியாக ஒன்று: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் 1598-ல் போட்ட சாம்ப்ளர் ஒன்று இருக்கிறது. சாம்ப்ளர் என்றால் பலவகைத் தையல்களைப் போட்டுப் பழகும் துணி. ஆண்டு குறித்த ஆங்கிலேயச் சாம்ப்ளர்களில் அதுதான் மிகப் பழையது. தன் பெயரையும் ஆண்டையும் அவர் தையலிலேயே போட்டுவிட்டதால் இன்றைக்கும் யார், எப்போது என்று தெரிகிறது. நீங்களும் ஒரு மூலையில் போடுங்கள். நூல் எண்களைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் பின்பக்கத் தாளில் சொருகுங்கள். ரிப்பேர் வரும் நாளில் அதே நிறத்தை வாங்க உதவும்.

கடையில் சொல்ல வேண்டியது நாலே நாலு: ஒட்டாதீங்க, நானே அட்டையில இழுத்துக் கட்டிக் கொண்டுவந்திருக்கேன். கண்ணாடி துணியைத் தொடக் கூடாது, மவுண்ட் வைங்க. ஹார்ட்போர்டு நேரா துணி மேல படக் கூடாது. டேப் போட்டு முழுசா அடைக்காதீங்க. "சாமி படத்துக்கே யாரும் இவ்வளவு கேட்டதில்லம்மா" என்பார். சொல்லட்டும், பழைய ஹார்ட்போர்டை எடுத்துக் காட்டி, அந்தப் பழுப்புக் கோடு எங்கிருந்து வந்தது என்று விளக்குங்கள். அடுத்து துணி கொண்டுவருகிறவருக்கு அவரே மவுண்ட் எடுத்து வைப்பார்.